தண்ணீர் ஊற்றியவள்

போன வாரம் சந்தையில் கருவாட்டுக்காரன் என்னைப் பார்த்ததும் பக்கத்துக் கடைக்காரனிடம், "வாயை மூடுய்யா, கிழட்டுக் காஸிப் வருது" என்றான். எனக்கு வந்ததே கோபம்! கையிலிருந்த கூடையால் அவன் மண்டையில் ஒன்று போட்டிருப்பேன். உள்ளே முட்டை இருந்தது, தப்பித்தான்.

இப்போது ஊர்வம்பு பேசுகிறவளுக்கு அதுதான் பெயராம். அடுத்த வீட்டுச் சட்டியில் என்ன வேகிறது என்று மூக்கை நீட்டுகிறவள் எல்லாம் காஸிப். நாங்கள் குமரிகளாக இருந்தபோது அந்தச் சொல்லை இப்படி இளக்காரமாகச் சொன்னால் செவிட்டில் அறை விழும். கடவுளுக்கு ஒரு சொல், உறவுக்கு ஒரு சொல், இரண்டையும் சேர்த்து எங்கள் பாட்டன்மார் முடிந்து வைத்த சொல் அது. ஞானஸ்நானத்தின்போது ஒரு குழந்தையைக் கையில் ஏந்துகிறவள் அதன் அப்பா அம்மாவுக்குக் காஸிப் ஆகிறாள். ரத்தம் கலக்காத கூடப்பிறப்பு. அதை வைத்துத்தான் பிரசவ அறையில் கூட இருக்கும் பெண்கள் எல்லோரும் ஒருத்தியை ஒருத்தி காஸிப் என்று கூப்பிட ஆரம்பித்தது. ஆம்பிளைகளுக்கு அந்த அறைக்குள் இடம் கிடையாது. கதவுக்கு வெளியே நின்று, உள்ளே நாங்கள் அவர்களைப் பற்றி என்ன பேசிச் சிரிக்கிறோமோ என்று வயிறு எரிந்து எரிந்து, கடைசியில் நல்ல சொல்லையே வம்பாக்கி விட்டார்கள். நாசமாய்ப் போக.

சிரிக்கத்தான் செய்தோம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த அறையில் நாங்கள் அழுததை எந்தக் கருவாட்டுக்காரன் பார்த்தான்? அவிஸுக்கு நடந்ததை எவன் பார்த்தான்?

அப்போது எங்கள் ஆல்டர்கோட் ஊரில் எல்லாமே பழைய முறை. ராஜா ஹென்றி போப்போடு பகைத்துக்கொள்வதற்கு ரொம்ப முன்னால். நான் இதே வீட்டில்தான் பார்லிக் கள் காய்ச்சி விற்றுக்கொண்டிருந்தேன். பெர்னெல் வீட்டுக் கள் என்றால் நார்விச் போகும் வண்டிக்காரர்கள்கூட நின்று குடித்துவிட்டுப் போவார்கள். அவிஸ் சந்துக் கோடியில் ஒரு குச்சு வீட்டில் தனியாக இருந்து கம்பளி நூல் நூற்றாள். முகம் முழுக்க அம்மைத் தழும்பு. அது பெரிய குறையில்லை. சீதனம் இல்லாததுதான் குறை. முப்பது வயது தாண்டியும் ஒருவனும் பெண் கேட்டு வரவில்லை. வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டாள், ஆனால் யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் போய் நிற்பாள்.

எம்மட் என்றால் அவளுக்கு உயிர். சின்ன வயதிலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். எம்மட்டை வண்டிச் சக்கரம் செய்கிற ஹாமண்ட் கட்டியிருந்தார். நல்ல மனுஷர். வேலையில் கைதான் பேசும், வாய் பேசாது. எம்மட்டுக்கு முதல் பிரசவம் கெட்டுப்போனது. பையன் செத்தே பிறந்தான். தண்ணீர் படாமல் செத்த பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை, அது சட்டம். ஹாமண்ட் அவனைத் தோட்டத்து வேலிக்கு வெளியே, காஞ்சொறிச் செடி முளைத்த மேட்டில் கொண்டுபோய்ப் புதைத்தார். அந்த இலையுதிர் காலத்தில் யாருடைய பன்றியோ அவிழ்த்துக்கொண்டு அந்தப் பக்கம் போனது. அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன். எம்மட் அதைக் கண்ணால் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் அவிஸின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "அடுத்தது உயிரோட வரலேன்னாலும் பரவால்லடி. தண்ணி படாம மட்டும் போயிடக்கூடாது."

அடுத்தது கோடைப் புல் அறுப்புச் சமயத்தில் வந்தது. ஆம்பிளைகள் எல்லாம் புல்வெளியில். உள்ளே நாங்கள் நாலு பேர். மருத்துவச்சி இடோனி, மாவு மில்காரன் பெண்டாட்டி லெட்டிஸ், அவிஸ், நான். சன்னலை எல்லாம் துணி போட்டு மூடி, நடுப்பகலில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தோம். முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. லெட்டிஸ் தன் புருஷன் குறட்டை விடுவதை அப்படியே நடித்துக் காட்டினாள். எம்மட் வலிக்கு நடுவில் சிரித்துவிட்டு, "ஐயோ சிரிக்க வெக்காதடி பாவி, பிள்ளை பயந்து உள்ளேயே இருந்துக்கும்" என்றாள்.

பிறகு ரத்தம் நிற்கவில்லை.

குழந்தை வெளியே வந்தது. பெண். நீலம் பாரித்து, அழாமல், துவண்டு கிடந்தது. இடோனி இரண்டு கையாலும் எம்மட்டின் வயிற்றை அழுத்திப் பிடித்திருந்தாள். எடுத்தால் எம்மட் அந்த நிமிஷமே போய்விடுவாள். நான் எம்மட்டின் தோளைத் தாங்கியிருந்தேன். லெட்டிஸ் வெந்நீருக்கு வெளியே ஓடியிருந்தாள். குழந்தை அவிஸின் கையில்.

"தண்ணி ஊத்துங்கடி யாராச்சும்! அது போகப் போகுது!" என்று இடோனி கத்தினாள்.

அவிஸ் ஒரு நொடி யோசிக்கவில்லை. குடிக்க வைத்திருந்த குவளையை எடுத்தாள். "செசிலி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று, ஒவ்வொரு சொல்லும் தெளிவாக, மூன்று முறை தலையில் ஊற்றினாள். எங்கள் பழைய சாமியார் வருஷத்தில் நாலைந்து ஞாயிறு அதைச் சொல்லிக் கொடுப்பார். அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் ஊற்றலாம், வார்த்தை மட்டும் பிசகக்கூடாது என்பார். செசிலி என்பது எம்மட்டின் அம்மா பெயர்.

மூன்றாவது தண்ணீருக்குக் குழந்தை வீறிட்டது. அந்தச் சத்தம் கேட்டதும் எம்மட் கண்ணைத் திறந்தாள்.

"ஊத்தியாச்சா?"

"ஊத்தியாச்சுடி. அழறா பாரு."

"அவிஸ், நீயே வெச்சுக்கடி இவளை. என் வீட்டுக்கு வேற எவளும் வரக்கூடாது. அந்த மனுஷனையும் நீயே கட்டிக்க. அவருக்குத் தனியா ஒரு கஞ்சி காய்ச்சத் தெரியாது." இவ்வளவையும் சிரிக்கப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சரின்னு சொல்லு."

அவிஸ் சரி என்றாள். வெந்நீரோடு லெட்டிஸ் உள்ளே வந்தபோது எம்மட் இல்லை.

நாங்கள் அழுதோம், கழுவினோம், துணி சுற்றினோம். எல்லாம் முடிந்தபின் இடோனி முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்து அவிஸைப் பார்த்தாள். "அடிப் பாவி மகளே! செத்தவ கேட்டது நடக்காதேடி. நீதானே தண்ணி ஊத்தின? இப்ப நீ ஹாமண்டுக்குக் காஸிப். கூடப்பிறந்தவ மாதிரி. அவனை நீ கட்ட முடியாது. கட்டினா அண்ணனைக் கட்டின பாவம்."

உண்மைதான். ஊற்றியவளுக்கும் அந்த உறவு வரும், ஏந்தியவளுக்கும் வரும். பணக்காரப் பிரபு என்றால் ரோமாபுரிக்கு ஆள் அனுப்பிச் சலுகை வாங்கிவிடுவார். சக்கரம் செய்கிறவன் எதை விற்று அனுப்புவது? அப்புறம் ராஜா ஒரே கையெழுத்தில் அந்தச் சட்டத்தைத் தூக்கிப் போட்டார் பாருங்கள், இன்றைக்கு யாரும் யாரையும் கட்டலாம், கேட்பாரில்லை. அன்று அதை நினைத்தால் எங்களுக்கு நரகத்தின் சூடு முதுகில் அடிக்கும்.

இடோனியே வழியும் சொன்னாள். "ஊத்தினது நான்னு சொல்லிடறேன். நான் எவனைக் கட்டப் போறேன், பல்லு ஒண்ணு பாக்கி. பெர்னெல், லெட்டிஸ், வாயைத் திறந்தீங்க, அப்புறம் உங்க பிரசவத்துக்கு என்னைக் கூப்பிடாதீங்க."

வாயை மூடினோம். அறையில் நடந்தது அறையோடு. பழைய சாமியாருக்குக் கண் மங்கல், காது அதைவிட. இடோனி ஊற்றினாள் என்றதும் தலையாட்டி, மிச்சச் சடங்கைச் செய்து, எண்ணெய் பூசி அனுப்பிவிட்டார். ஹாமண்டும் அப்படியே நம்பினார்.

எனக்கு அப்போது நாலாவது பிள்ளை கைக்குழந்தை. செசிலிக்கும் நானே பால் கொடுத்தேன், ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் இவள். மற்ற நேரமெல்லாம் அவள் அவிஸின் மடியில்தான். விடிந்ததும் ஹாமண்ட் வீட்டுக்குப் போவாள், விளக்கு வைத்ததும் தன் குச்சு வீட்டுக்குத் திரும்புவாள். குழந்தையை இடுப்பில் துணியால் கட்டிக்கொண்டு நூல் நூற்பாள். அதுவரை அவள் பாடி நான் கேட்டதில்லை. கன்றுக்குட்டி கத்துவது போல இருக்கும், செசிலிக்கு அது பிடித்திருந்தது. அவிஸ் வாயை மூடினால் குழந்தை வாயைத் திறக்கும்.

"உன் பாட்டைக் கேட்டு என் கள்ளு புளிச்சுப் போகுதுடி" என்பேன்.

"உன் கள்ளு எப்ப புளிக்காம இருந்துது?" என்பாள். அவிஸா! நாலு வார்த்தை பேசாதவள்! அந்த மாசங்களில் அவள் முகத்துத் தழும்பு எங்கே போனது என்றே தெரியவில்லை.

ஆப்பிள் பறிக்கும் சமயத்தில் ஹாமண்ட் வாயைத் திறந்தார். நானும் கூட இருந்தேன். செய்து முடித்த சக்கரத்தைத் தடவிக்கொண்டே, அவளைப் பார்க்காமல், "அவிஸ், சாயங்காலம் நீ போனதுக்கப்புறம் பிள்ளை கதவையே பாத்துக்கிட்டு இருக்கா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நானும்தான்" என்றார். அவ்வளவுதான் அவர் பெண் கேட்டது. அவிஸ் அழுதுவிட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வெந்து நோன்புக் காலம் பிறந்துவிட்டால் கல்யாணம் நடக்காது, அதற்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து முடிக்க வேண்டும். இதற்கிடையில் பழைய சாமியார் போய்ச் சேர்ந்து, கேம்பிரிட்ஜில் படித்த ஒருவர் வந்திருந்தார். கில்பர்ட் சாமி. தாடி சரியாக முளைக்கவில்லை. கெட்டவர் இல்லை, ஆனால் எல்லாம் முறைப்படி இருக்க வேண்டும் அவருக்கு. முதல் ஓலை வாசித்தார். "இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்" என்றார். நான் என் காலணியைப் பார்த்தேன். லெட்டிஸ் கூரையைப் பார்த்தாள். இடோனி சத்தமாகத் தும்மினாள். இரண்டாவது ஓலைக்கும் அப்படியே. அவிஸ் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் ஒண்ணுதான் பெர்னெல்" என்றாள்.

அந்த வாரம்தான் சாமியார்களுக்கெல்லாம் மேலான மேற்றிராணியாரின் உத்தரவு வந்தது, ஊருக்கு ஊர் மருத்துவச்சிகளைச் சோதிக்கும்படி. கில்பர்ட் சாமி இடோனியைக் கோயில் வாசலுக்குக் கூப்பிட்டு, அவசர ஞானஸ்நான வார்த்தைகளைச் சொல்லச் சொன்னார். இடோனி அதற்குத் தைரியம் வேண்டி என் வீட்டில் மூன்று குவளை போட்டுவிட்டுத்தான் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"கடவுளும் மாதாவும் உன்னைக் கழுவிக் காப்பாத்தட்டும், எலும்பு வரைக்கும் குளிரட்டும், ஆமென்" என்றாள் இடோனி, பெருமையாக.

சாமியார் முகம் வெளுத்தது. "இப்படியா சொன்னீங்க? எல்லாக் குழந்தைக்கும்?"

"ஆமா சாமி. ஒரு பிள்ளையும் குறை சொல்லலையே."

"இது ஞானஸ்நானமே இல்லம்மா. நீங்க ஊத்தின குழந்தைகள்ல யார் உயிரோட இருக்கா?"

வேறு யார்? ஊர் அறிய அவள் ஊற்றியதில் உயிரோடு இருந்தது செசிலி மட்டும்தான். சாமியார் தலையில் கை வைத்துக்கொண்டு, "வர்ற ஞாயிறு பூசைக்கு முன்னாடி கொண்டு வாங்க. நானே முறைப்படி ஊத்திடறேன்" என்றார்.

அவிஸிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் நூற்பதை நிறுத்தினாள். "ஒருத்தருக்கு ரெண்டு தடவை ஊத்தறது பெரிய பாவமில்லையா?"

"பாவம்தான். உனக்கென்ன, சாமியார் கணக்குல போகட்டும். ரெண்டாவது தடவை நனைஞ்சா பிள்ளை கரைஞ்சா போயிடும்? ஞாயித்துக்கிழமை தண்ணியும் ஆச்சு, மூணாவது ஓலையும் ஆச்சு. பேசாம இரு."

பேசாமல் இருந்தாள். குழந்தை உச்சந்தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை காலை நான் பால் கொடுக்கப் போனபோது செசிலி வாய் வைக்கவில்லை. உடம்பு கொதித்தது. மத்தியானத்துக்குள் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது. இடோனியும் லெட்டிஸும் ஓடி வந்தார்கள். ஈரத்துணி போட்டோம், மூலிகைப் புகை போட்டோம், ஒன்றும் கேட்கவில்லை.

ஹாமண்ட் அறைக்குள் வந்து நின்றார். பிரசவ அறை இல்லையே, தடுக்க யாருமில்லை. "தண்ணி!" என்றார். "இவளுக்குத் தண்ணி படலையே! அன்னிக்கு ஊத்தினது செல்லாதுன்னு சாமி சொன்னாரே! யாராவது ஊத்துங்க, மூத்தவனை மாதிரி இவளும் போயிடப் போறா!"

எங்கள் நாலு பேருக்கும் தெரியும், இவளுக்கு எப்போதோ தண்ணீர் பட்டுவிட்டது என்று. நாலு பேரும் அசையவில்லை. நாங்கள் அசையாததைப் பார்த்து அந்த மனுஷருக்குப் பைத்தியமே பிடித்திருக்கும். "கல்லா நிக்கறீங்களேடி!" என்று கத்திவிட்டு, சாமியாரைக் கூட்டி வர அவரே ஓடினார்.

அவர் தெருக் கோடி தாண்டுவதற்குள் செசிலி அவிஸின் மடியில் அடங்கிவிட்டாள். அவ்வளவு சின்ன உடம்பு அவ்வளவு நேரம் போராடியதே பெரிது. அவிஸ் பாடுவதை நிறுத்தவில்லை. நான்தான் அவள் வாயில் கை வைத்து நிறுத்தினேன்.

சாமியார் தண்ணீர்ச் செம்போடு மூச்சு வாங்க வந்தார். குழந்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தார். அவர் கண்ணிலும் நீர் வந்தது, அதை நான் மறைக்க மாட்டேன். "ஹாமண்ட், செத்த உடம்புக்கு ஊத்த முடியாதுப்பா. இவளுக்கு ஞானஸ்நானம் ஆகல. மந்திரிச்ச மண்ணுல இடம் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. மன்னிச்சுடு."

ஹாமண்ட் மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். அவிஸ் குழந்தையைத் தன் கம்பளித் துண்டில் சுற்றி ஏந்திக்கொண்டு வந்தாள். சாமியாரும் கடைசியில் வந்தார், வர வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. வேலிக்கு வெளியே அந்தக் காஞ்சொறி மேட்டில், முதல் பையனுக்குப் பக்கத்தில், ஹாமண்ட் குழி வெட்டினார். வேலிக்கு உள்ளே, கையை நீட்டினால் தொடும் தூரத்தில், எம்மட்டின் மண்மேடு. புல் முளைக்க ஆரம்பித்திருந்தது.

"கொடு அவிஸ்" என்று கையை நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை.

"கொடும்மா. இருட்டிடப் போகுது."

"இங்க வேண்டாம்" என்றாள் அவிஸ்.  அவள் தோளைப் பிடித்து, காதோடு, "அடியே, வேண்டாம். நாளைக்கு ஓலைடி. போனவ போயிட்டா" என்றேன். அவள் என் கையை மெதுவாக எடுத்துவிட்டுச் சாமியார் பக்கம் திரும்பினாள்.

"சாமி, இவளுக்குத் தண்ணி ஊத்தினது இடோனி இல்ல. நான்தான்."

சாமியார் அவள் அருகில் வந்தார்.

"என்ன சொன்ன ஊத்தும்போது?" என்றார் சாமியார்.

அவிஸ் சொன்னாள். அன்றைக்குச் சொன்ன அதே மாதிரி, செசிலி என்ற பெயரிலிருந்து கடைசிச் சொல் வரைக்கும், ஒன்றும் பிசகாமல்.

"இதுக்கு யாரு சாட்சி?"

லெட்டிஸ், "நான் வெந்நீர் எடுக்கப் போயிருந்தேன் சாமி, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று பின்னால் நகர்ந்தாள். வெந்நீருக்குப் போனது பொய்யில்லை, ஆனாலும் அவள் முகத்தில் துப்பலாம் போல இருந்தது. நான் என்ன செய்வேன்? இல்லையென்றால் குழந்தை காஞ்சொறிக்குள் போகும். ஆமென்றால் இவள் வாழ்க்கை போகும். அவிஸ் என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, சும்மா பார்த்தாள். "நான் கண்ணால பாத்தேன் சாமி. அவதான் ஊத்தினா" என்றேன். இடோனி மண்ணில் உட்கார்ந்து, "நான்தான் பொய் சொல்லச் சொன்னேன் சாமி, என்னை என்ன வேணா பண்ணுங்க" என்று மார்பில் அடித்துக்கொண்டாள்.

சாமியார் சிலுவை போட்டுக்கொண்டார். "அப்ப இவ கிறிஸ்தவப் பிள்ளை. உள்ளே கொண்டு வாங்க. தாய் பக்கத்துல வைக்கலாம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "மகளே, நீ இப்ப என்ன சொல்லியிருக்கேன்னு உனக்குப் புரியுதா?" என்று கேட்டார்.

"புரியுது சாமி."

ஹாமண்டுக்குப் புரியவில்லை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு ஒருவர் மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தார். "என்ன புரியுது? நாளைக்கு எங்க மூணாவது ஓலைதானே?"

"நாளைக்கு ஓலை இல்லப்பா. இவங்க உனக்குக் காஸிப். தண்ணி ஊத்தின அன்னிக்கே அப்படி ஆயாச்சு."

"பிள்ளையே செத்துப்போச்சே சாமி! பிள்ளை இல்லாம எங்கிருந்து சொந்தம்?"

"அந்தச் சொந்தம் சாகாது ஹாமண்ட்."

ஹாமண்ட் அவிஸைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கோபம்தான். கோபத்துக்கு அடியில் என்ன இருந்ததோ. "நீ சொல்லாம இருந்திருக்கலாமே" என்றார். "இன்னும் ஒரு நாள்தானே. நமக்குன்னு வேற பிள்ளை பொறந்திருக்குமே அவிஸ்."

"பொறந்திருக்கும்" என்றாள் அவிஸ். "இவளை வெளிய போட்டுட்டு, உள்ள உக்காந்து நான் வேற பிள்ளையைத் தாலாட்டவா? எம்மட் கேட்டா என்ன சொல்றது?"

அவர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலியைச் சுற்றி உள்ளே போனார். எம்மட்டின் பக்கத்தில் வெட்டினார். சாமியார் ஜெபம் சொன்னார். ஏந்தியவள்தான் குழியில் வைக்க வேண்டும் என்பது எங்கள் முறை, அதனால் அவிஸ்தான் முழங்காலிட்டு உள்ளே வைத்தாள். துண்டை உருவவில்லை, குளிரும் என்று அப்படியே விட்டாள்.

அப்புறம் ஊர் பேசாமல் இருக்குமா? பேசியது. நான் காய்ச்சிய கள்ளைக் குடித்துவிட்டு என் வாசலிலேயே பேசியது. அண்ணனையே கட்டப் பார்த்தாளாம், அத்தனை மாசம் அந்த வீட்டில் என்ன நடந்ததோ என்று. பொய் சொன்னதற்குத் தண்டனையாக அவிஸும் இடோனியும் நானும் வெறுங்காலோடு, உள்பாவாடையோடு, கையில் மெழுகுவர்த்தி பிடித்துக் கோயிலைச் சுற்றி வந்தோம். எனக்கு வெட்கமாகவே இல்லை, ஆத்திரமாகத்தான் இருந்தது. லெட்டிஸ் மட்டும் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு வந்து வேடிக்கை பார்த்தாள். மறு வருஷம் ஹாமண்ட் பக்கத்து ஊரில் ஒரு விதவையைக் கட்டிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தனியாகக் கஞ்சி காய்ச்சத் தெரியாதவர்தானே. அவிஸ் குச்சு வீட்டிலேயே நூற்று நூற்றுக் கிழவியாகி, ராஜா அந்தச் சட்டத்தை எடுப்பதற்கு முந்தின குளிர்காலத்தில் செத்துப்போனாள்.

ஆனால் எனக்கு நெஞ்சை அடைப்பது இதெல்லாம் இல்லை. புதைத்துவிட்டு வந்த அன்று சாயங்காலம்தான்.

அவிஸின் நூற்புச் சக்கரமும் கம்பளி மூட்டையும் ஹாமண்ட் வீட்டில் இருந்தன. இனி அவள் அங்கே தனியாகப் போகக்கூடாது என்று நானும் கூடப் போனேன். ஹாமண்ட் அடுப்படியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். காலியான தொட்டிலை யாரும் பார்க்கவில்லை. அவிஸ் சக்கரத்தை எடுத்தாள், மூட்டையைக் கட்டினாள். காலையில் அவள் மடித்துவைத்த சின்னத் துணிகள் அப்படியே பலகையில் இருந்தன. அதை எடுப்பதா விடுவதா என்று கொஞ்ச நேரம் நின்றாள். விட்டுவிட்டாள்.

வாசல் வரை வந்தவள் திரும்பினாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு தொடுதலாவது இருந்திருக்கலாம். தொடலாமா கூடாதா என்று அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

"காலையில அவளுக்குன்னு ஆட்டுப்பால் காய்ச்சினேன்" என்றாள் அவிஸ். "கலயத்துல அப்படியே இருக்கு. நாளைக்கு வெச்சா கெட்டுடும். நீங்க குடிச்சிடுங்க."

ஹாமண்ட் எழுந்தார். நின்றபடியே கலயத்தைத் தூக்கி, மூச்சு விடாமல், அடி வரைக்கும் குடித்தார். தாடியில் வழிந்ததைத் துடைக்கவில்லை.

அவிஸ் திரும்ப உள்ளே வந்து, அவர் கையிலிருந்து கலயத்தை வாங்கி, கழுவி, பலகையில் கவிழ்த்து வைத்துவிட்டு என்னோடு வந்தாள்.